பதினோரு பாட்டில்கள்

எங்கள் வீட்டுப் பரணில் பதினோரு தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. ஒன்றிலும் தண்ணீர் இருந்ததில்லை. எல்லாவற்றிலும் சாமை விதை. சனி, ஞாயிறுகளில் அருவியில் குளிக்கவும் காவலூர் தொலைநோக்கியைப் பார்க்கவும் காரில் ஏறி வருகிறவர்கள் குடித்துவிட்டு ரோட்டோரம் வீசிய ஒரு லிட்டர் பாட்டில்கள் அவை. நூறு நாள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி வருவாள். கழுவி, கூரைமேல் இரண்டு நாள் கவிழ்த்து வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்து, துளி ஈரமும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விதையைப் போடுவாள். காய்ந்த வேப்பிலை கொஞ்சம், மேலே ஒரு பிடி சாம்பல், பிறகு மூடி. கழுத்துக்குக் கீழே சுண்ணாம்பால் மூன்று பொட்டு. விதை இருக்கிற பாத்திரம் எதுவானாலும் எங்கள் ஊரில் அந்த மூன்று பொட்டு உண்டு. கண் படக்கூடாது என்பதற்காக வைப்பது. கண்ணைப் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் பாட்டிலில் எலியின் பல் படாது. மலையில் எலிக்குப் பயப்படாத வீடு கிடையாது.

அந்தப் பதினோரு பாட்டில்தான் எங்களுடைய இரண்டு ஏக்கர் காடு. அப்பா கர்நாடகாவில் காப்பித் தோட்டத்தில் இருந்தார். அவரைக் கூட்டிப்போன மேஸ்திரி வருடா வருடம் ஆடியில் ஜீப்போடு வருவான். ஆள் தேவை, நீயும் வந்துவிடு, இரண்டு பேருமாகச் சம்பாதிக்கலாம் என்று அம்மாவைக் கேட்பான். காடு விதைக்கவேண்டும் என்று அம்மா சொல்லிவிடுவாள். அவளிடம் இருந்த ஒரே பதில் அதுதான். காடு விதைத்தால் அம்மா வீட்டில் இருப்பாள், நானும் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போவேன். விதைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளும் ஜீப்பில் ஏறவேண்டியதுதான். எனக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நான் அப்போது ஏழாம் வகுப்பு. மலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியும்.

ஆனி மாதம் ஒரு நாள் கீழே இருந்து சிலர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிப் படம் காட்டினார்கள். ஒரு மாட்டின் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருந்து பிளாஸ்டிக் கவராக இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பூமியைக் காப்பாற்றுவது குழந்தைகள் கையில்தான் இருக்கிறது என்றார்கள். ஆளுக்கொரு மஞ்சள் துணிப்பை கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் யார் அதிக பாட்டில் சேர்த்துக் கொண்டுவருகிறார்களோ அவர்களுக்குப் பரிசு என்றார்கள். கை வலிக்கத் தட்டினோம்.

இப்போது யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. எங்கள் வீட்டில் குப்பை என்று எதுவுமே கிடையாது. ஷாம்பூ பாக்கெட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கிளி விரட்டக் காட்டில் கட்டுவோம். எண்ணெய் கேனைப் பாதியாக வெட்டி மாட்டுக்குத் தவிடு அள்ளுவோம். கிழிந்த புடவை எத்தனை வேலை செய்துவிட்டுக் கடைசியில் கரித்துணியாகும் என்பதைச் சொல்லவே ஒரு நாள் வேண்டும். குப்பை சனிக்கிழமை காரில் வரும், ஞாயிற்றுக்கிழமை கார் மட்டும் திரும்பிப் போகும். கழிவைக் குறையுங்கள் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். கார்க்காரர்களை உட்காரவைத்து மாட்டு வயிற்றுப் படத்தை யாரும் காட்டியதாகத் தெரியவில்லை.

ஆனால் அன்றைக்கு எனக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை. வெட்கம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்கே திரும்பினாலும் பிளாஸ்டிக். கிளி விரட்டும் ஷாம்பூ பாக்கெட்டுகளை அறுத்துப் போட்டேன். அம்மா இரண்டு அறை விட்டாள். மறுநாள் அறிவியல் டீச்சரிடம் போய், எங்கள் வீட்டில் விதையைக்கூட பாட்டிலில்தான் வைக்கிறோம் என்று சொன்னேன். போளூரிலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருகிறவர், நல்ல மாதிரி, எங்களை ஒரு நாளும் மலைப்பிள்ளைகள் என்று தாழ்வாகப் பேசியதில்லை. ஏதோ விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிமிராமலே, பிளாஸ்டிக்கில் வைத்தால் சாப்பாடு விஷமாகும், துணியில் வைப்பதுதான் நல்லது என்றார். சோற்றைப் பற்றிச் சொன்னாரா விதையைப் பற்றிச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது.

முதல் மூன்று நாளில் ரோட்டோரம் துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. புதருக்குள், பாலத்தடியில், ஓடையில் என்று எங்கே கிடந்தாலும் நாற்பது பிள்ளைகளின் கண்ணுக்குத் தப்பவில்லை. பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி என்னைவிட ஏழெட்டு பாட்டில் முன்னால் இருந்தாள். அவளுடைய மாமன் டீக்கடை வைத்திருந்தான், அவளுக்குச் சுலபம். கடைசி நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பரணைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தேன்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் அம்மா வேலைக்குப் போன பிறகு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். ஏணியைச் சாய்த்து ஏறிப் பாட்டில்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். பள்ளிக்கூடத்தில் கொடுத்த மஞ்சள் பையும், கல்யாண வீடுகளில் தேங்காய் போட்டுக் கொடுத்த இரண்டு பைகளும் இருந்தன. ஒரு மணிகூடக் கீழே சிந்தாமல் மூன்றிலும் கொட்டினேன். வேப்பிலையையும் சாம்பலையும்கூட மறக்கவில்லை. வாயை இறுக்கிக் கட்டி, இருந்த இடத்திலேயே வைத்தேன். விதையை விஷத்திலிருந்து காப்பாற்றிவிட்டேன், பரிசும் வாங்கப் போகிறேன். ஏணியிலிருந்து இறங்கும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான்கு பாட்டில் வித்தியாசத்தில் ஜெயித்தேன். மேடையில் ஏற்றி, மாலை போட்டு, படம் எடுத்தார்கள். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். ரோஸ் நிறம், மூடியில் முயல் பொம்மை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு பாட்டில் உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாள். ரோட்டில் என்றேன்.

பரண் இருட்டாக இருக்கும். விதைப்பு வரும்வரை அங்கே யாருக்கும் வேலை இல்லை. அதனால் அம்மாவுக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். பரிசு வாங்கிய ஒரு வாரத்துக்குள் ஒரு காலையில், அம்மா மாட்டை அவிழ்க்கப் போயிருந்தபோது, பரணுக்கு நேர் கீழே தரையில் பழுப்பாக ஏதோ உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தேன். குனிந்து தொட்டேன். சாமை உமி. அரிசி இல்லாத வெறும் உமி. நடுவில் இரண்டு மூன்று எலிப் புழுக்கை. நிமிர்ந்து பரணைப் பார்த்தேன்.

சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் அடி விழும். ரோட்டில் கிடைத்தது என்று சொன்ன பொய்யும் வெளியே வரும். படத்தில் மாலையோடு நிற்கிறேன், அதை என்ன செய்வது? அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. துடைப்பத்தை எடுத்து உமியைக் கூட்டி, முறத்தில் அள்ளி, குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தேன். இன்னா இன்னிக்கு சொல்லாமயே கூட்டுற என்று அம்மா சந்தோஷமாகக் கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சுத்தமாக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

அதன் பிறகு தினமும் அம்மாவுக்கு முன்னால் எழுந்து கூட்டினேன். சில நாள் கொஞ்சம் இருக்கும், சில நாள் ஒரு கை நிறைய இருக்கும். ஒரு நாள் ஏறிப் பார்த்தேன். பைகள் முக்கால் பங்கு நிறைந்துதான் தெரிந்தன. பெரிதாக ஒன்றும் போகவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பையை அவிழ்த்துப் பார்த்திருக்கலாம். உண்மை எனக்கே தெரிந்துவிடுமே என்றுதான் அவிழ்க்கவில்லை.

எங்கள் ஊரில் விதைப்புக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. ஆடியில் முதல் நல்ல மழை விழுந்ததும் ஊர்த் தலைவரான கவுண்டர் காட்டில்தான் முதல் பிடி விழும். அந்தப் பிடி விழும்வரை யார் வீட்டில் விதை குறைந்தாலும் அடுத்த வீட்டில் கேட்கலாம், முறத்தில் அள்ளிக் கொடுப்பார்கள், அறுப்புக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தால் போதும். பிடி விழுந்துவிட்டால் ஊரில் கடைசிக் காடு விதைத்து முடிகிறவரை ஒரு வீட்டிலிருந்தும் விதை வாசல் தாண்டாது. தாண்டினால் அந்த வீட்டு விளைச்சலும் கூடவே போய்விடும் என்று நம்பிக்கை. அதற்குள் மண்ணில் ஈரம் போய்விடும், பிறகு கிடைத்துப் பிரயோசனம் இல்லை. கீழே கடைகளில் உமி நீக்கிய சாமை அரிசிதான் கிடைக்கும், விதை கிடைக்காது.

அந்த வருடம் மழை நன்றாகவே பெய்தது. காலையில் கவுண்டர் காட்டில் முதல் பிடி விழுந்தது. எல்லோரும் போயிருந்தோம். பொங்கல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பரணில் ஏறினாள்.

மேலே இருந்து மூன்று பைகளையும் ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தாள். விழுந்த சத்தத்திலேயே கனம் இல்லை என்று தெரிந்தது. இறங்கி வந்து ஒன்றை அவிழ்த்து முறத்தில் கொட்டினாள். முறம் நிறைந்தது. உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி ஊதினாள். எல்லாம் பறந்துபோய்விட்டது. வெறும் கையைப் பார்த்தாள். மறுபடியும் அள்ளி ஊதினாள்.

"பாட்டிலுங்க எங்க?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் என்றேன். துணியில் வைப்பதுதான் நல்லது என்று டீச்சர் சொன்னதையும் சொன்னேன். அடிப்பாள் என்று முதுகைக் காட்டி நின்றேன். அவள் அடிக்கவில்லை. முறத்தின் முன்னால் உட்கார்ந்து மூன்று பைகளையும் புடைத்துத் தீர்த்தாள். எலி மூத்திர நாற்றம் வீடு முழுக்க அடித்தது. கடைசியில் முறத்தின் மூலையில் இரண்டு கைப்பிடி சாமை தேறியது.

சாயங்காலம் பெரியம்மா வந்தாள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா, இரண்டு வீடு தள்ளி இருந்தாள். உள்ளே வராமல் வாசலில் நின்றாள். முந்தானையைச் சுருட்டி வயிற்றோடு பிடித்திருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"யாரும் பாக்கல. சீக்கிரம் வாங்கிக்கோ" என்றாள்.

"வேணாங்க்கா. உன் காட்டுக்கு எதுனா ஆச்சுன்னா நான் எந்த மூஞ்ச வச்சிக்கினு உன் வூட்டுக்கு வருவேன்? எடுத்துக்கினு போ."

பெரியம்மா போகும்போது, நேத்து சொல்லியிருந்தாக்கூட ஊரே அள்ளிக் கொடுத்திருக்குமே என்று அழுதுகொண்டே போனாள். நேற்று எங்களுக்குத் தெரியாதே என்றாள் அம்மா. நான் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு மூன்று வாரமாகத் தெரியும்.

அப்பாவுக்குச் செய்தி சொல்லப் பாறைமேல் ஏறவேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். அம்மா பேசும்போது நான் கீழே நின்றேன். எலி தின்றுவிட்டது என்று மட்டும்தான் சொன்னாள். என் பெயரை எடுக்கவே இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்துவிடு, பிள்ளையை விடுதியில் விடு என்று அப்பா சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மேஸ்திரியின் ஜீப் வந்தபோது காடு விதைக்கவேண்டும் என்று சொல்ல அம்மாவுக்கு வழி இல்லை.

என்னை விடுதியில் சேர்க்க அம்மாவும் நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பின்பக்கம் புளியமரத்தடியில், போட்டிக்கு வந்த பாட்டில்கள் சாக்குச் சாக்காக அப்படியே இருந்தன. எடுத்துப்போகக் கீழே இருந்து வண்டி வரும் என்றார்கள், வரவில்லை. ஒரு சாக்கு கிழிந்து பாட்டில்கள் வெளியே சரிந்திருந்தன. அம்மா நின்றுவிட்டாள். குனிந்து ஒன்றை எடுத்தாள். சுண்ணாம்புப் பொட்டு மூன்றும் அழியாமல் இருந்தன. ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தாள், வழக்கம்போல. பிறகு பைக்குள் வைக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து அறிவியல் டீச்சர் வந்தார். "அம்மா, அத எடுக்காதீங்க. வண்டி வர்ற வரைக்கும் அப்படியே இருக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றார். மிரட்டவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அந்தப் பாட்டிலின் கதை அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம், அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. அம்மா சரிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டு, பாட்டிலைச் சாக்குக்குள் பத்திரமாகத் திரும்ப வைத்தாள். விரலில் ஒட்டிய சுண்ணாம்பைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால், தேறிய இரண்டு பிடியையும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பாத்தி அளவு இடத்தில் தூவினாள். பார்த்துக்கொள் என்று பெரியம்மாவிடம் சொன்னாள். ரோஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவளிடம் கொடுத்தேன். நீயே வச்சிக்கோ, பரிசு வாங்கினது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். மற்ற பெண்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தவளால் கையைக்கூட ஆட்ட முடியவில்லை.

வண்டி கடைசிவரை வரவில்லை. ஐப்பசி மழையில் சாக்குகள் நைந்து பாட்டில்கள் ஓடையில் இறங்கின. எந்த ஓடையில் இறங்கிப் பொறுக்கினோமோ அதே ஓடை. விடுதி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். தை மாதம் மீதி இருந்ததை வாட்ச்மேன் குவித்துக் கொளுத்தினார். வகுப்புக்குள் கரும்புகை வந்தது, ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் படித்தோம்.

அம்மா ஐந்து வருடம் காப்பித் தோட்டத்தில் இருந்தாள். வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்கு வருவாள், நான்கு நாள் இருப்பாள். எனக்கு முதலில் தீட்டு வந்தபோது அவள் இல்லை. அம்மை போட்டிருந்தபோதும் இல்லை. நான் யாரிடமும் குறை சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல எனக்கு என்ன அருகதை? சரிவில் வழுக்கி விழுந்து முட்டி போன பிறகுதான் அம்மா ஊரோடு வந்தாள். அப்பா இன்னும் அங்கேதான் இருக்கிறார். காட்டில் ஆள் உயரம் உண்ணிமுள் புதர் ஏறிவிட்டது. அதை வெட்டித் திருத்த அம்மாவுக்கு இனிமேல் கால் கிடையாது.

நான் வேலூரில் நர்ஸ் படிப்பு படிக்கிறேன். போன மாதம் விடுமுறைக்கு வந்திருந்தேன். அம்மா ஏணியில் ஏற முடியாததால் என்னைப் பரணில் ஏறச் சொன்னாள். ஏறினேன். மேலே ஒரே ஒரு பாட்டில் இருந்தது. ரோஸ் நிறம், முயல் பொம்மைக்கு ஒரு காது உடைந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மூன்று பொட்டு. அந்த இரண்டு பிடியில் விளைந்ததைப் பெரியம்மா வருடா வருடம் தூவி, அறுத்து, எடுத்துவைத்து, அம்மா திரும்பி வந்ததும் கொடுத்திருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பாத்திக்கு அது போதும். பாட்டில்கூட நிறையவில்லை.

கீழே பெரியம்மா அம்மாவோடு உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டிலோடு இறங்குவதைப் பார்த்து, இவ மட்டும் அன்னிக்கு அந்த வேலையப் பண்ணாம இருந்திருந்தா என்று ஆரம்பித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"சும்மா இருக்கா. கொழந்த, ஸ்கூல்ல சொன்னத செஞ்சிச்சி. எலி துன்றது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கும். மறைக்கிற புள்ள இல்ல அது."

பெரியம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பாட்டிலை அம்மாவின் மடியில் வைத்தேன். தரையில் புளி ஓடுகளும் நாரும் சிதறிக் கிடந்தன. கதவுக்குப் பின்னால் இருந்த துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன்.